பாறைக்கு அடியில் நாத்தனார்

பல் டாக்டர் படத்தை எட்ட வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. மீன்தொட்டிக்குள்ள எடுத்தீங்களா?" என்றார்.

ஸ்டுடியோக்காரிக்குச் சுருக்கென்றது. ஆற்றுக்கு அக்கரையில் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் பாறை அது. வாரம் முழுக்க பாஸ்போர்ட் படம் எடுத்துச் சலித்துப்போய், ஒரு விடுமுறை நாளில் அலைந்து திரிந்து எடுத்தது. டாக்டர் அதைத் தன் காத்திருப்பு அறையின் ஒரு சுவர் முழுக்க மாட்டுவதாக இருந்தார். ஆனால் படத்தில் மரமில்லை, வீடில்லை, ஆளில்லை. கூழாங்கல் என்று சத்தியம் செய்தாலும் நம்பலாம்.

"பக்கத்துல ஒரு ஆளை நிறுத்துங்களேன். ஆனா படத்தோட அழகு கெட்டுடக் கூடாது" என்றார் டாக்டர்.

ஆளாக அகப்பட்டவள் ஸ்டுடியோக்காரியின் நாத்தனார். ஆஸ்பத்திரியில் போன் எடுக்கும் வேலை; நாள் முழுக்கக் குரலை மட்டும் ஊருக்குக் கொடுத்து அலுத்திருந்தாள். படம் என்றதும் புது மஞ்சள் சட்டை, உதட்டுச்சாயம் என்று மினுமினுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"குளோசப்தானே அண்ணி?"

"கொஞ்சம் தள்ளிப் போகணும். பாலத்தைத் தாண்டி, பாறைக்கு அடியில."

"அங்கேயா? எறும்பு மாதிரில்ல தெரிவேன்!"

"அதுக்குத்தாண்டி கூட்டிட்டு வந்தேன். பாறை எவ்வளவு பெரிசுன்னு தெரியணும்ல?"

"அப்போ நான் ஆளில்ல, அடிஸ்கேலு!"

முணுமுணுத்துக்கொண்டே, தண்ணீர் பாட்டில் வைத்திருந்த அண்ணியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். போய்ச் சேர்ந்ததும் அவளிடமிருந்து போன் வந்தது. "மூஞ்சி தெரியுதா?" கையை ஆட்டினாள், இடுப்பை வளைத்தாள், ஒற்றைக் காலில் நின்றாள். கேமராவுக்குள் பாறை எங்கோ போய்விட்டது. எங்கே பார்த்தாலும் கண் அந்த மஞ்சளில் போய்த்தான் முட்டியது.

"பையில என் சாம்பல் கலர் கோட்டு இருக்கு, மேல போட்டுக்கோ. அப்படியே இடதுபக்கம் ஓரமா போ."

"கோட்டா? இந்தச் சட்டைக்கு எத்தனை கடை ஏறி இறங்கினேன் தெரியுமா?"

போனை வைத்துவிட்டாள். கோட்டைப் போட்டுக்கொண்டு ஓரமாகப் போய், வேண்டுமென்றே கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அப்போதுதான் முதல்முறையாகப் பாறையைப் பார்த்தாள். தலை மெல்லப் பின்னால் சாய்ந்தது. சாய்ந்துகொண்டே போனது. கோபத்தையும் மறந்தாள், படத்தையும் மறந்தாள். ஸ்டுடியோக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

டாக்டரின் சுவரில் மாட்டிய அன்று நாத்தனார் படத்தின் முன் நின்று, "நான் எங்க?" என்றாள். அண்ணி ஓரத்தில் விரல் வைத்துக் காட்டினாள். சண்டை வரப்போகிறது என்று தயாராகவும் இருந்தாள்.

நாத்தனார் இன்னும் கிட்டப் போய் அந்த ஓரத்தை உற்றுப் பார்த்தாள். "அங்க நின்னப்போ நான் இத்துனூண்டு ஆயிட்ட மாதிரி இருந்துச்சு அண்ணி. அது அப்படியே இதுல வந்துருக்கு" என்றாள். பிறகு, "ஆனா மூஞ்சி தெரியலை" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மறுவாரமே உடன் வேலை பார்க்கும் தோழிகளைத் திரட்டிக்கொண்டு பல் டாக்டரிடம் போனாள். சும்மா பார்க்கவெல்லாம் விட முடியாது, டோக்கன் இருந்தால்தான் உள்ளே என்றாள் வரவேற்பறைப் பெண். நாத்தனார் சற்றும் யோசிக்காமல் தன் பேரில் ஒரு டோக்கன் போட்டாள். தோழிகள் படத்தில் அவளைத் தேடிக்கொண்டிருந்தபோதே அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் விளக்கை இழுத்து, "ரெண்டு பல்லு சொத்தை" என்றார்.

"டாக்டர், வெளிய அந்தப் படத்துல நிக்கிறது..."

"பேசாதீங்கம்மா. வாயை நல்லாத் திறங்க."