இருபது கட்டிலுக்கு ஒருத்தி

புதிதாக ஒரு காப்பகம் திறந்தால் அதற்கு வழிகாட்ட என்னை அனுப்புவார்கள். கடத்திக்கொண்டு போய் விற்கிற கூட்டத்திடமிருந்து தப்பி வந்த பெண்களுக்காக நாங்கள் ஒரு வீடு நடத்துகிறோம். கூரை ஒழுகும், சண்டைக்கும் குறைவில்லை. அது இத்தனை வருஷம் இழுத்து மூடப்படாமல் நடக்கிறது என்ற ஒரே தகுதியை வைத்து, காப்பகங்களின் கூட்டமைப்பு எனக்கு வழிகாட்டி என்று பட்டம் கட்டியிருக்கிறது. அதிகாரம் ஒன்றும் கிடையாது. யோசனை சொல்லலாம், அறிக்கை எழுதலாம். நான் காட்டிய வழியில் இதுவரை யாரும் போனதில்லை என்பதால், தப்பாகக் காட்டிவிட்டோமோ என்ற பயமும் இல்லை.

எந்த இல்லத்துக்குப் போனாலும் முதலில் ஒரு காரியம் செய்வேன். பையை உள்ளே வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே கிளம்புவேன். வாசலில் நடப்பதைப் பார்த்தாலே அந்த இல்லத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். இந்த இல்லத்தின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்திருக்கவே இல்லை.

"டீயா? உள்ளயே போட்டுக் குடுப்பாங்கம்மா."

"எனக்குக் கடையில குடிக்கணும்."

"எதுக்கு? நம்ம கிட்ட பால், சர்க்கரை எல்லாம் இருக்கே."

உண்மையாகவே எனக்காக வருத்தப்பட்டார். ஆனால் கேட்டைத் திறக்கவில்லை. அவர் இயக்குநருக்குச் சித்தப்பா. இயக்குநரின் மனைவி பொருளாளர், மனைவியின் தங்கை மன ஆலோசகர், இயக்குநருடைய அக்காவின் மருமகள் சமையல். "குடும்பமா சேந்து சேவை பண்றோம்" என்றார் இயக்குநர், கண் கலங்க. சொந்தத்தில் வேலையில்லாமல் இருந்த எல்லாரையும் மீட்டுவிட்டார் மனுஷர்.

மாடியில் இருபது கட்டில்கள். பத்தொன்பதில் விரிப்பு கசங்கவே இல்லை. மிச்சமிருந்த ஒன்றில் ஒரு பெண் உட்கார்ந்து தன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இல்லம் திறந்து இரண்டு மாதத்தில் வந்து சேர்ந்தவள் அவள் ஒருத்திதான். முப்பது வயதிருக்கும். நல்ல வேலை என்று கூட்டிவந்து ஒரு பெரிய வீட்டுச் சமையலறையில் அடைத்து வைத்திருக்கிறார்கள். சம்பளமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. குப்பை வண்டிக்காக ஒரு நாள் பின்கதவைத் திறந்தபோது வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

இங்கே அவளுக்கு உதவி செய்ய ஆளாளுக்கு அடிதடி. ஆலோசகர் காலையில் அழச் சொல்வாள், மாலையில் சிரிக்கச் சொல்வாள். பொருளாளர் அவளைப் படம் எடுப்பார். முகம் தெரியக்கூடாது என்பது விதி என்பதால் முதுகைப் படம் எடுத்து எடுத்து ஓர் ஆல்பமே சேர்த்துவிட்டார். சமையல்கார மருமகள், அவள் கரண்டியைத் தொட்டாலே பிடுங்கிவிடுவாள். பழைய ஞாபகம் வந்துவிடுமாம்.

"அந்த வீட்ல வேலை செஞ்சு செஞ்சு களைச்சுப் போனேன்க்கா. இங்க உதவி வாங்கி வாங்கியே களைச்சுப் போறேன்" என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்தபடி.

எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

பிறகு விஷயத்தைச் சொன்னாள். ஆலோசகருக்குப் பல்வலி வந்து, துணைக்கு இவளைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போயிருக்கிறாள். ஆலோசகர் உள்ளே வாயைப் பிளந்துகொண்டு கிடந்த நேரத்தில் இவள் பக்கத்து பேக்கரிக்குள் நுழைந்து வேலை கேட்டுவிட்டாள். வேலையும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வந்து நிற்க வேண்டும். லேட்டாக வந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று பேக்கரிக்காரர் கறாராகச் சொல்லியிருக்கிறார்.

"இதுவரைக்கும் எல்லா வேலையிலயும் யாராவது என்னைக் கொண்டு போய் விட்டாங்க. இது ஒண்ணுதான் நானா தேடிக்கிட்டது. இது போச்சுன்னா எனக்கு மறுபடி கேக்கத் தைரியம் வராதுக்கா."

திங்கட்கிழமைதான் இல்லத்தின் திறப்பு விழா. இரண்டு மாதமாக நடக்கிற இல்லத்துக்கு இப்போது என்ன திறப்பு என்று கேட்டேன். சிறப்பு விருந்தினருக்கு இப்போதுதான் நேரம் கிடைத்ததாம். பெரிய தொழிலதிபரின் மனைவி. இல்லத்தின் அடுத்த வருஷச் செலவு முழுவதும் அவர் கைப்பையில் இருந்தது.

இயக்குநரைத் தனியாகப் பிடித்தேன். அவரும் என்னைத் தனியாகப் பிடிக்கத்தான் காத்திருந்தார்.

"உங்க இல்லத்துல நிறையப் பேர் இருக்காங்கல்ல?" என்று தொண்டையைச் செருமினார். "ஒரு பத்துப் பேரைத் திங்கக்கிழமை அனுப்பி வைங்களேன். வண்டி நாங்க அனுப்பறோம். சாப்பாடு, புதுத் துணி எல்லாம் உண்டு. ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா உக்காந்திருந்தா போதும். ஒரே நாள்தான், பத்திரமா திருப்பிக் கொண்டு வந்து விட்டுடறோம்."

எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொருத்தியிடமும், முதலில் உன்னிடம் என்ன சொல்லிக் கூட்டிப்போனார்கள் என்று கேட்பேன். வண்டி, சாப்பாடு, புதுத் துணி, சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஒரு வார்த்தை மாறாமல் அந்தத் தரகர்களின் பாடத்தை இவர் ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க இப்பப் பேசினது எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியலையா?"

"ஏன், வண்டி ஏசி வண்டிதான்" என்றார்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். பச்சைப் பிள்ளை மாதிரி விழித்தார். ஆட்களைக் கடன் கொடுக்க மாட்டேன் என்றேன். கேட்டைப் பூட்டாதீர்கள், அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வையுங்கள், அந்தப் பெண்ணை வேலைக்கு அனுப்புங்கள் என்றேன். நான் என் பங்குக்குக் கத்தினேன் என்றும் சொல்லலாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அவ இல்லாம எப்படிம்மா விழா நடத்தறது?" என்றார். கடைசியில் ஒரு சமாதானம். பத்து மணிக்கு விழா, பன்னிரண்டுக்கு முடிந்துவிடும், தானே காரில் கொண்டு போய் பேக்கரியில் விடுவதாகச் சத்தியம் செய்தார். அவளும் யோசித்துவிட்டு, "சரி, சோறு போட்டவங்க, உக்காந்துட்டுப் போறேன்" என்றாள்.

திங்கட்கிழமை காலை கூடத்தில் பத்து நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நான் ஆள் தராததால் இயக்குநர் சொந்தத்திலேயே ஆள் எடுத்திருந்தார். ஆலோசகர், சமையல்கார மருமகள், பொருளாளரின் ஒன்றுவிட்ட சகோதரிகள், இன்னும் யார் யாரோ. எல்லாரும் பழைய உடுப்பு போட்டுத் தலையைக் கலைத்துக்கொண்டு, குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நாற்காலியில் பேக்கரிக்குப் போக வேண்டியவள், துவைத்துத் தேய்த்த சட்டையுடன், மடியில் பையுடன், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் சோகமா உக்காரும்மா" என்று பொருளாளர் இரண்டு தடவை வந்து அவளிடம் கெஞ்சிவிட்டுப் போனார்.

சிறப்பு விருந்தினர் பத்து மணிக்கு வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. பன்னிரண்டரைக்கு வந்து, ரிப்பனை வெட்டி, சுதந்திரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். கேட் பூட்டியே இருந்தது. இயக்குநரின் கார் விருந்தினரோடு வந்தவர்களுக்குச் சாப்பாடு வாங்கப் போயிருந்தது. நான் போய் மணியைக் காட்டினால், "பத்தே நிமிஷம்மா" என்று கும்பிட்டார். அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேக்கரிக்குப் பஸ்ஸில் போனால் இருபது நிமிஷமாவது ஆகும். என்னை நம்பித்தானே இவள் உட்கார்ந்தாள் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

பேச்சு முடிந்து விருந்தினர் நாற்காலி வரிசையைப் பார்வையிட்டார். கடைசி நாற்காலி வரை வந்தவர் முகத்தைச் சுளித்தார். "இந்தப் பொண்ணைப் பாத்தா கஷ்டப்பட்ட மாதிரியே தெரியலையே" என்றார் இயக்குநரிடம். பிறகு திரும்பி ஆலோசகரிடம் வந்தார். ஆலோசகருக்குப் பல்வலி திரும்பியிருந்தது. கன்னம் வீங்கி, கண்ணில் நீர் கோத்திருந்தது. விருந்தினர் உருகிப்போனார்.

"பாவம், இந்தப் பொண்ணை நான் எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன். வேலைக்கு ஒரு ஆள் தேடிக்கிட்டுதான் இருக்கேன். சாப்பாடு, தங்க இடம் எல்லாம் எங்களோடயே. வெளிய போகணும்கற அவசியமே இருக்காது. இன்னிக்கே வரட்டும்."

கூடமே கைதட்டியது. விருந்தினர் ஆலோசகரின் கையைப் பிடித்து எழுப்பினார். டிரைவரைக் கூப்பிட்டாயிற்று.

"அத்தான்" என்றாள் ஆலோசகர், வீங்கிய வாயால், ஈன சுரத்தில்.

இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் மைத்துனி என்று சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். சொல்லாவிட்டால் மைத்துனி காரில் ஏறிவிடுவாள். பொருளாளர் அம்மாள் புருஷனைப் பார்த்த பார்வையில் அவர் பாய்ந்து போய் மைக்கைப் பிடித்தார்.

"மன்னிக்கணும்மா. இங்க இருக்கறவங்களை அப்படியெல்லாம் யாரும் கூட்டிட்டுப் போக முடியாது. இருக்கணும்னு நினைச்சா இருக்கலாம், போகணும்னு நினைச்சா போகலாம். அது அவங்கவங்க இஷ்டம். அவங்களைப் போன்னு சொல்லவோ, போகாதேன்னு தடுக்கவோ இங்க யாருக்கும் உரிமை கிடையாது. எங்க இல்லத்தோட முதல் விதியே இதுதான்."

நான் தொண்டை வறளக் கத்தியும் ஏறாதது, மைத்துனிக்கு ஆபத்து என்றதும் மடமடவென்று வந்தது. குரல்கூட நடுங்கியது. விருந்தினர் உட்பட எல்லாரும் நெகிழ்ந்து மறுபடி கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலில் கடைசி நாற்காலிக்காரி எழுந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அப்ப நான் வரேன் சார்" என்று இயக்குநரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே நேராக வாசலுக்கு நடந்தாள். சித்தப்பா கேட்டருகில் நின்று இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் மைக்கைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் தலையை ஆட்டினார். சித்தப்பா திறந்துவிட்டார். இதையும் நிகழ்ச்சி என்று நினைத்து, முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள்.

விருந்தினர் மட்டும் என் பக்கம் சாய்ந்தார். "அந்தப் பொண்ணு எங்க போறா?"

"வேலைக்கு."

"யாரைக் கேட்டுட்டு?"

நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஒன்று முப்பத்தைந்து. திறந்த கேட் வழியாக, தெருவில் அவள் ஓடுவது தெரிந்தது. பஸ் கிடைக்க வேண்டுமே என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.