கதவுக்குப் பின்னால் மச்சான்

என் மனைவியின் அண்ணன்தான் நான் சர்வராக இருக்கும் ஹோட்டலுக்கு மேனேஜர். வீட்டில் பார்த்தால் "வாங்க மாப்ளே" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். ஹோட்டல் வாசலைத் தாண்டிவிட்டால் நான் வெறும் "டேய்". இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததை அவர் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது. அந்த ஆளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கைராசியும் அப்படி. நான் தொட்டால் கோப்பை உடையும். சூப் ஊற்றினால் யார் மடியிலாவது விழும். அன்று முதலாளி பெரிய மனிதர்களைச் சாப்பிட அழைத்து வந்திருந்தார். ஒரு கோப்பை உடைந்தாலும் அப்படியே வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று மச்சான் எல்லோர் முன்னாலும் என்னிடம் சொன்னார். சமையல்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வீட்டில் கைக்குழந்தை. வேலை போனால் மச்சான் போடும் சோற்றைத்தான் தின்ன வேண்டும். அதற்குப் பட்டினியே மேல்.

சமையலறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் திறக்கும் கதவு ஒன்று உண்டு. கையில் டிரே இருப்பதால் காலால்தான் உதைத்துத் திறப்போம். உதைக்கும் முன் "வர்றேன்" என்று கத்துவோம். அந்தப் பக்கம் நிற்பவர் விலகிக்கொள்வார். அன்று அதற்கும் தடை போட்டார் மச்சான். பெரிய மனிதர்கள் காதில் எங்கள் சத்தம் விழக் கூடாதாம்.

அவர் சொன்ன பேச்சைக் கேட்டேன். டிரே நிறையச் சூப்போடு, வாயை மூடிக்கொண்டு, ஓங்கி ஓர் உதை விட்டேன்.

கதவுக்கு முதுகைக் காட்டி, முதலாளியைப் பார்த்துக் குனிந்து குழைந்துகொண்டிருந்தார் மச்சான். கதவு அவர் பின்புறத்தில் பலமாக இறங்கியது. எதிரே கேக்கோடு நின்ற தள்ளுவண்டி மேல் குப்புற விழுந்தார். வண்டி அவரையும் ஏற்றிக்கொண்டு ஓடி முதலாளியின் மேசையில் முட்டியது. பிடிமானத்துக்கு மேசை விரிப்பை இழுத்தார். மேலே இருந்த பீங்கான் அத்தனையும் தரையில் விழுந்து நொறுங்கியது.

"ஏன்யா, வரும்போது ஒரு குரல் குடுக்க மாட்டியா?" என்றார் முதலாளி.

"கத்தக் கூடாதுன்னு மேனேஜர்தான் சொன்னாருங்க."

முதலாளி என் டிரேயைப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பிறகு தரையில் கிடந்தவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு வயிறு குளிர்ந்தது.

மச்சான் எழப் பார்த்தார். கேக்கின் கிரீம் வழுக்கி மறுபடியும் உட்கார்ந்தார். ஹோட்டலில் முதல்முறையாக, எல்லோர் காதிலும் விழும்படி, "மாப்ளே, கொஞ்சம் கை குடுங்க" என்றார்.

என் இரண்டு கையிலும் டிரே இருந்தது. சூப் ஆறிவிடுமே என்று அவரைத் தாண்டி அடுத்த மேசைக்குப் போனேன்.