ஐந்து விரல் தடம்

யுத்தத்துக்கு ஆண்கள் நிறையப் பேர் போய்விட்டதால், பெண்கள் பெட்டியில் டிக்கெட் பரிசோதிக்க அந்த வருஷம் ரயில்வேயில் நான்கு பெண்களைத் தற்காலிகமாக எடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி தபீதாள். சித்தூர் மிஷன் பள்ளியில் படித்தவள். வெள்ளைச் சேலையும் அதன்மேல் ஐந்து பித்தளைப் பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டுமாகக் காலையில் சித்தூரில் ஏறுவாள். திருப்பதி வரை போய், மத்தியான வண்டியில் திரும்புவாள்.

அவள் தகப்பனார் அசரியா சபையில் உபதேசியாராக இருந்தவர். கால் வீக்கத்தால் ஊர் ஊராகப் போக முடியாமல் வீட்டோடு இருந்தார். மகளின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஆனாலும் அந்தக் கோட்டை அவருக்குப் பிடிக்கவில்லை. அவள் அதை மாட்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

புரட்டாசி மாதம் ஒரு காலையில், குடிபாலாவிலிருந்து இருபது முப்பது பேர் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு திருப்பதி யாத்திரைக்குச் சித்தூரில் ஏறினார்கள். பெண்கள் தங்களுக்கான பெட்டியிலும், ஆண்கள் அதற்கு அடுத்த பெட்டியிலும் அமர்ந்தார்கள். வண்டி ஆடிய ஆட்டத்தில் ஓர் இளம்பெண்ணுக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. தபீதாள் அவளை ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து, நெற்றியைத் தாங்கிப் பிடித்து, தன் கூஜாவிலிருந்து தண்ணீர் கொடுத்தாள்.

"உங்க கூஜாவுலயா?" என்று அவள் தயங்கினாள்.

"தண்ணிதானம்மா. குடி. பேர் என்ன?"

"வெங்கடலட்சுமி."

வண்டி பாகாலாவில் நின்றது. அப்போது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன் இடது கையில் பித்தளைத் தூக்குடன் பெண்கள் பெட்டிக்குள் ஏறினான். சுருட்டை முடி, அடர்ந்த மீசை. தன் வீட்டுப் பெண்களுக்குத் தயிர்சாதம் கொடுக்க வந்தவன், கொடுத்த பிறகும் காலித் தூக்கை இடது கையில் பிடித்தபடி இறங்காமல் நின்றான்.

"ஐயா, இது பொம்பளைங்க பெட்டி. எறங்குங்க. வண்டி கெளம்பப் போவுது" என்றாள் தபீதாள்.

"எறங்கலேன்னா?"

"எறங்கித்தான் ஆவணும்."

"கோட்டு போட்டா தொரையாயிடுவியா நீ? எங்க, கோட்டுக்குள்ள தொரைசானி எப்டி கீறான்னு பாக்கலாம்."

வலது கையை நீட்டிக் கோட்டின் மேல் பொத்தானைப் பிடித்து இழுத்தான். நூல் அறுந்து பொத்தான் தெறித்தது. அவள் கையைத் தட்டிவிட்டதும் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். பிளாட்பாரத்தில் நின்ற அவன் ஆட்கள் சிரித்தார்கள்.

"உங்க பேரைச் சொல்லுங்க" என்றாள் தபீதாள், வலியை அடக்கிக்கொண்டு.

"என் பேரா? மேல ஏழுமலையான்கிட்ட கேளு, சொல்லுவாரு."

விசில் ஊதியதும் குதித்து இறங்கி அடுத்த பெட்டிக்கு ஓடிவிட்டான். எல்லாம் அரை நிமிஷத்தில் நடந்து முடிந்தது.

பெட்டியில் இருந்த பெண்கள் தலை கவிழ்ந்திருந்தார்கள். "வுடும்மா, ஆம்பளைங்க அப்டித்தான்" என்றாள் ஒருத்தி. வெங்கடலட்சுமி மட்டும் பலகைக்கு அடியில் குனிந்து, உருண்டு கிடந்த பொத்தானை எடுத்துத் துடைத்துத் தபீதாளின் உள்ளங்கையில் வைத்தாள். அவளும் வாய் திறக்கவில்லை.

திருப்பதியில் இறங்கியதும் தபீதாள் நேராக ஸ்டேஷன் மாஸ்டர் கங்கையாவிடம் போய்ப் புகார்ப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தாள். அதற்குள் மஞ்சள் துணிக் கூட்டம் வெளியே கலந்து மலைப்பக்கம் போய்விட்டது.

கங்கையா நல்ல மனுஷர். படித்துப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "ஏமம்மா, அடையாளம்னு சுருட்ட முடி, மீசைன்னு எழுதிக்கீறியே. ரெண்டுமே மலையிலதான நின்னுடும்? மூணாம் நாள் எறங்கி வரும்போது அத்தன பேரும் மொட்டை."

தபீதாள் தான் எழுதியதை மறுபடி பார்த்தாள். திருப்பதி வண்டியில் வேலை பார்த்துக்கொண்டு இதை எப்படி மறந்தாள்? கோபத்தில் கண்ணில் பட்டதை எழுதிவிட்டிருக்கிறாள்.

"கையைக் காட்டு" என்றார் கங்கையா. இடது மணிக்கட்டில் நீலமாகத் தடம் பதிந்திருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பொறுமையாக எண்ணி, அவள் எழுதியதற்குக் கீழே தன் கையால் எழுதினார்: 'இடது மணிக்கட்டில் நான்கு விரல், ஒரு கட்டைவிரல் தடம், ஆக ஐந்து. குற்றவாளியின் இடது கையில் தூக்கு இருந்ததால் பிடித்தது வலது கை.' தேதி போட்டு முத்திரையும் குத்தினார். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.

மறுநாளே டிராபிக் இன்ஸ்பெக்டர் முனிகிருஷ்ணனிடமிருந்து பதில் வந்தது. குடிபாலா யாத்திரிகர்கள் திரும்பும் நாளில் தாமே திருப்பதிக்கு வருவதாகவும், தபீதாள் குற்றவாளியை நேரில் காட்ட வேண்டும் என்றும், காட்ட முடியாவிட்டால் பிரயாணிகள்மீது ஆதாரமில்லாமல் புகார் செய்ததாகக் கருதி வேலையிலிருந்து நீக்கப்படுவாள் என்றும் அதில் எழுதியிருந்தது. பெண்களை இந்த வேலைக்கு எடுத்தது சரியா என்பதையே மேலிடம் மறுபடி யோசிக்கும் என்றும் கடைசியில் ஒரு வரி இருந்தது.

அசரியா அதை இரண்டு முறை படித்தார். "புகாரை வாபஸ் வாங்கிக்கோம்மா. கஞ்சி குடிச்சிக் காலத்த ஓட்டலாம்."

"நான் வாபஸ் வாங்கினா, அப்புறம் எவன் வேணா எங்க நாலு பேர்ல எவ கையை வேணா பிடிப்பான், நைனா."

"காட்ட முடியலேன்னா?"

"தெரிஞ்சா காட்டுவேன். தெரியலேன்னா தெரியலன்னு சொல்லுவேன். போவாம மட்டும் இருக்க மாட்டேன்."

பொத்தான் இல்லாத இடத்தில் ஒரு ஊசியைக் குத்திக்கொண்டு அவள் அன்றும் வேலைக்குப் போனாள்.

மூன்றாம் நாள் திருப்பதி ஸ்டேஷனில் குடிபாலாக்காரர்கள் மத்தியான வண்டிக்காகக் கூடியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஆண்களை வரிசையாக நிறுத்தினார். பதினான்கு பேர். பதினான்கும் மழித்த தலை, தலையில் சந்தனப் பூச்சு, மீசை இல்லாத முகம், ஒரே மாதிரி மஞ்சள் வேட்டி. பெண்கள் மூட்டைகளோடு ஒரு பக்கம் நின்று பார்த்தார்கள்.

தபீதாள் வரிசையின் முன்னால் மெல்ல நடந்தாள். இரண்டு பேரிடம் நின்றாள். இருவரும் ஒரே உயரம், ஒரே உடல்வாகு. முதலாமவரின் பார்வை அவளுக்கு எங்கேயோ உறைத்தது. ஆனால் உறைத்தது என்பதை வைத்து ஒரு மனுஷனைக் குற்றவாளி என்று சொல்லலாமா? சாமி கும்பிட்டுவிட்டு வருகிற ஒருவரை, 'இருக்கலாம்' என்ற நினைப்பில் ஜெயிலுக்கு அனுப்பலாமா? அவள் மனதுக்குள் ஜெபம் செய்துகொண்டாள்.

"யாரும்மா? சீக்கிரம் சொல்லு" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் வாய் திறக்குமுன் அந்த முதலாமவரே முன்னால் வந்து கும்பிட்டார். "ஐயா, நான் நாகபூஷணம். குடிபாலாவுல கரும்பு ஆலை வெச்சிகினு கீறேன். இவங்கள்லாம் என் செலவுல வந்தவங்க. எதுக்கு வீணா நேரம்? எங்க ஆளு ஒருத்தன்தான் புத்தி கெட்டுப் பண்ணிட்டான். ஏய் ஏகாம்பரம், முன்னால வா. ஒத்துக்கடா."

தபீதாள் சந்தேகப்பட்ட இரண்டாவது ஆள்தான் ஏகாம்பரம். மேல்துண்டுக்குள் கைகளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"நான்தானுங்க பண்ணேன்" என்றான்.

இன்ஸ்பெக்டருக்கு நிம்மதி. பேனாவைத் திறந்தார். "நல்லதாப் போச்சி. இவன்தானேம்மா? சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, கையெழுத்துப் போட்டுட்டுப் போ. உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாது."

ஒரே ஒரு வார்த்தைதான். தபீதாள் ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்தாள். குற்றம் செய்தவன் தலை குனிவதை அவள் பார்த்திருக்கிறாள். இவன் அவளுக்கு முன்னால் தலை குனியவில்லை. கண்கள் வேறெங்கோ, பெண்கள் நின்ற பக்கம் போய்ப் போய் வந்தன. அங்கே வெங்கடலட்சுமி முந்தானையை வாயில் அழுத்தி நின்றாள்.

"அண்ணே" என்றாள் தபீதாள் மெதுவாக. "உங்க வலது கையக் கொஞ்சம் காட்டுங்க."

அவன் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"பயப்படாதீங்க. காட்டுங்க."

துண்டுக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் இருந்தன. மற்ற மூன்றும் அடியோடு இல்லை. வெகுநாள் முன்பு ஆறிய காயம்.

தபீதாள் தன் இடது மணிக்கட்டை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். நீலம் மஞ்சளாகியிருந்தாலும் தடம் இன்னும் தெரிந்தது. "ஐயா, இதுல அஞ்சு விரல் இருக்கு. மாஸ்டர் ஐயா எண்ணி எழுதியிருக்கார். பிடிச்சது வலது கை. இவர் இல்லீங்க."

கங்கையா புத்தகத்தைத் திறந்து முத்திரை குத்திய பக்கத்தை இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தார். இன்ஸ்பெக்டர் அதைப் படித்தார், ஏகாம்பரத்தின் கையைப் பார்த்தார், மறுபடி படித்தார். நாகபூஷணத்தின் முகம் கறுத்தது. பதினான்கு பேரில், தன் ஆலையில் கை நசுங்கியவனையே அவர் முன்னால் தள்ளியிருந்தார். அந்தக் கையை அவர் ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை.

"அப்போ யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர் எரிச்சலாக. "நீ காட்டு."

"ஒருத்தர்மேல சந்தேகம் இருக்குங்க. ஆனா சத்தியம் பண்ற அளவுக்கு நிச்சயம் இல்ல. நிச்சயமில்லாம ஒரு ஆளைக் காட்ட மாட்டேன்."

"காட்டலேன்னா உன் வேலை போச்சி. தெரியுமில்ல?"

"தெரியுங்க."

தூரத்தில் ரேணிகுண்டா பக்கமிருந்து வண்டியின் ஊதல் கேட்டது. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடப் போனார்.

"எனக்குத் தெரியும்!"

வெங்கடலட்சுமி மூட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். "எம்புருசன் பாகாலாவுல கீழ எறங்கவே இல்லீங்க. பொம்பளைங்க பெட்டியில ஏறினவரு இவரு. இந்தக் கண்ணால பாத்தேன்." நாகபூஷணத்தை நேராகக் கைநீட்டிக் காட்டினாள்.

"ஏய்! என் எடத்துலதான் உன் குடிசை கீது. ஞாபகம் வெச்சிகினு பேசு" என்று உறுமினார் நாகபூஷணம்.

"கீதுதான். பிரிச்சிக்க. எம்புருசன் வெரலைத் துன்ன ஆலையும் உன்னுதுதான். பத்து நாளு சோறு போட்டியா? பேரையும் துன்னப் பாக்கிறியே!" பிறகு தபீதாளைக் காட்டிச் சொன்னாள்: "இந்தம்மா சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்க வேலை நெலச்சிருக்கும். எம்புருசன் ஜெயிலுக்குப் போயிருப்பான். அவங்களே சொல்லல. நான் வாய மூடிகினு இருந்தா நான் மனுஷியா?"

பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. "நாங்களும் பாத்தோம்" என்றாள் ஒருத்தி. அன்று 'வுடும்மா' என்று சொன்னவள்தான் அவள். "பாத்தோம்" என்று இன்னும் இரண்டு குரல்கள் சேர்ந்தன. பிளாட்பாரத்தில் நின்று சிரித்த ஆண்கள் தங்கள் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் புதுப் பக்கம் திருப்பி நாகபூஷணத்தின் பெயரை எழுதினார். சாட்சியை மிரட்டியதையும் சேர்த்து எழுதினார்.

அதன் பிறகுதான் நாகபூஷணத்தின் குரல் இறங்கியது. "அம்மா, தெரியாம நடந்துபோச்சி. மலையேறி முடி குடுத்துட்டு வந்திருக்கேன். மன்னிச்சி வுட்டுடு."

"மன்னிச்சுட்டேங்க" என்றாள் தபீதாள். "இன்னிலேர்ந்து ஜெபத்துல உங்க பேரைச் சொல்லுவேன். இப்பத்தான பேரு தெரிஞ்சுது. ஆனா எழுதினத அடிக்க மாட்டேன். அது எனக்காக மட்டும் எழுதினது இல்ல."

கங்கையா சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ரயில்வே போலீஸ்காரர்கள் இருவர் நாகபூஷணத்தைத் தனியாகக் கூட்டிப் போனார்கள்.

குடிபாலாவுக்குத் திரும்பிப் போக ஏகாம்பரத்துக்கும் அவன் மனைவிக்கும் அன்று துணிவு வரவில்லை. தபீதாள் அவர்களைச் சித்தூரில் தன் வீட்டுக்கே அழைத்து வந்தாள். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை சும்மா கிடந்தது. அசரியா நடந்ததையெல்லாம் கேட்டார். காலை இழுத்து இழுத்துப் போய் அந்த அறையைத் தாமே பெருக்கினார். பிறகு ஏகாம்பரத்துக்குப் பாய் விரித்துக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்துக் கங்கையாவின் சிபாரிசில் சித்தூர் ஸ்டேஷனில் பிரயாணிகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலை வெங்கடலட்சுமிக்குக் கிடைத்தது. கோர்ட்டில் நாகபூஷணத்துக்குத் தண்டனை கிடைத்த பிறகு, பெண் ஊழியரைத் தொடுவது குற்றம் என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதிய அட்டை அந்தப் பாதையில் ஓடும் பெண்கள் பெட்டிகளில் மாட்டப்பட்டது.

இவையெல்லாம் பின்னால் நடந்தவை. அவர்களை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று சாயங்காலம் தபீதாள் கஞ்சி வடித்துவிட்டு வந்தபோது, அசரியா ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் கறுப்புக் கோட்டு. ஊசியில் நூல் கோக்க முடியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"குடுங்க நைனா, நான் தெச்சிக்கிறேன்."

"உனக்கு என்ன தெரியும்? நூலை ரெட்டையாப் போடணும். யார் இழுத்தாலும் வரக் கூடாது" என்றார். "நூலை மட்டும் கோத்துக் குடு."

மறுநாள் காலை வண்டி சித்தூரில் நின்றது. ஐந்து பொத்தானும் போட்ட கோட்டுடன் தபீதாள் பெண்கள் பெட்டியில் ஏறினாள்.

"டிக்கெட் எடுங்கம்மா" என்றாள்.