பதினாலு முடிச்சு

கோடைக்கானலிலிருந்து திரும்பும் வழியில், பூம்பாறை தாண்டும்போதே கித்தேரியம்மாளுக்கு வலது முழங்கால் வீங்கிப்போயிற்று. கூக்கால் ஏரி கண்ணில் பட்டபோது அவள் நடக்கவில்லை, காலை இழுத்துக்கொண்டு வந்தாள். முன்னால் போன புருஷன் ஆரோக்கியதாஸ் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் உட்கார்ந்துவிடுவாள், உட்கார்ந்தால் எழுப்ப முடியாது. அறுபத்திரண்டு வயதில் அவர் இடுப்பும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

அவர் உபதேசியார். கோடைக்கானல் பங்குச் சாமியார் 1957 தை மாதத்தில் இருவரையும் கூக்காலுக்கு அனுப்பிவைத்தார். சாயங்காலம் பிள்ளைகளுக்கு எழுத்து, ஞாயிற்றுக்கிழமை ஜெபம், காய்ச்சல்காரனுக்கு மாத்திரை. கிறிஸ்துமசுக்கு வந்து பார்ப்பேன், பிள்ளைகள் வராவிட்டால் உங்களை மலையைவிட்டு இறக்கிவிடத்தான் வேண்டும் என்று அப்போதே சொல்லியிருந்தார். திண்டுக்கல்லில் இருந்த வாடகை வீட்டை ஒப்படைத்துவிட்டு வந்தவர்கள். இறக்கிவிட்டால் போய் நிற்க இடம் கிடையாது.

குடிசை ஒழுகியது. ஆடிக் கடைசியில் ஊரார் தாங்களாகவே புல் அறுத்து வந்து கூரை வேயத் தொடங்கினார்கள். கூலி பேசவில்லை. கர்த்தர் இவர்கள் மனசைத் தொட்டுவிட்டார் என்று ஆரோக்கியதாஸ் சாமியாருக்குக் காகிதம் எழுதினார். கித்தேரியம்மாள் நம்பவில்லை. பத்து வயசிலிருந்து திண்டுக்கல் தோல்ஷாப்பில் தோல் சுரண்டியவள் அவள். சும்மா குனிகிற முதுகை அவள் பார்த்ததே இல்லை. எதற்காகச் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசி இரண்டு நாள் வேலை நடக்கும்போதுதான் மாதா திருநாளுக்கென்று இருவரும் கோடைக்கானல் போயிருந்தார்கள்.

வீங்கிய காலோடு திரும்பி வந்தபோது கூரை முடிந்திருந்தது. வாசலில் கூரை இறங்கும் இறவாணத்தில் ஒரு கற்றாழை நார்க்கயிறு தொங்கியது. அதில் வரிசையாக முடிச்சுகள். ஒரு முடிச்சில் கோழி இறகு செருகியிருந்தது, இன்னொன்றில் ஒரு தலைமுடி சுற்றியிருந்தது.

“செய்வினை” என்றாள் கித்தேரியம்மாள். “சும்மா செய்யலைன்னு சொன்னேன்ல?”

ஆரோக்கியதாஸ் பேய் பிசாசை நம்பக்கூடாது என்று போதிக்கிறவர். ஆனாலும் கயிற்றைத் தொடவில்லை. தீர்த்தப் போத்தலை எடுத்துவந்து தெளித்துவிட்டுத் தள்ளி நின்றார். அவள்தான் குச்சியால் அதை எடுத்தாள். முடிச்சுக்கு ஒரு தடவை மாதாவின் பிரியதத்த மந்திரம் சொல்லி, ஜெபமாலையில் ஒரு மணி தள்ளினாள். பத்து மணி முடிந்து, மேலே நாலு மணி. பிறகு கயிற்றை அடுப்பில் போட்டாள். பொழுது விழுவதற்குள் அது சாம்பலானது.

மறுநாள் வெள்ளனே பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி இறவாணத்தை அண்ணாந்து பார்த்தாள். செம்பை இறக்காமலே திரும்பிப் போனாள். அன்று சாயங்காலம் ஒரு பிள்ளையும் வரவில்லை. ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

செய்வினை பலிக்காத ஆத்திரம் என்று ஆரோக்கியதாஸ் சொன்னார். பகலிலும் கதவுக்குத் தாழ் போட்டார். யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போன கீரையை அவள் வேலிக்கு வெளியே வீசினாள். கீரையைத் தின்ற ஆடு சாகிறதா என்று இரண்டு நாள் பார்த்தாள். சாகவில்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் இப்படியே போயிற்று. புரட்டாசி பிறந்து, சாமியார் வர இன்னும் மூன்று மாதம் என்று ஆரோக்கியதாஸ் முணுமுணுக்க ஆரம்பித்தார்.

ஒருநாள் சுள்ளி பொறுக்கிவிட்டு வரும் வழியில், முழங்கால் விடாமல் குத்தவே, கித்தேரியம்மாள் கூரை வேய வந்த நாச்சிமுத்துவின் வீட்டெதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். அவன் வீட்டு இறவாணத்திலும் அதேபோல ஒரு கயிறு தொங்கியது. கிழங்கு தோண்டிவிட்டு நாச்சிமுத்துவும் அடுத்த காட்டுக்காரி பிச்சையம்மாளும் மண் காலோடு வந்தார்கள். அன்று பிச்சையம்மாள் காட்டில் இவன் வேலை செய்திருந்தான். அவள் எக்கி நின்று, கயிற்றில் ஒரு முடிச்சை அவிழ்த்து, நாரை நீவிவிட்டு, தன் வழியே போனாள்.

கித்தேரியம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. கூலி பேசாததற்குக் காரணம் அவள் தலைக்கு மேலேயே தொங்கியிருக்கிறது. ஒரு ஆள் செய்த ஒரு நாள் வேலைக்கு ஒரு முடிச்சு. திருப்பிச் செய்தால் அவிழும். இறகும் முடியும் அவரவர் அடையாளம். ஊரார் கண்ணில் இந்தக் கிழடுகள் வேலையை வாங்கிக்கொண்டு கடன் கயிற்றை எரித்தவர்கள்.

வீட்டுக்கு வந்து ஆரோக்கியதாஸிடம் சொன்னாள். அவர், கயிறுதான் இல்லையே, ஏழெட்டு என்று சொல்லுவோம், இந்த உடம்பை வைத்துக்கொண்டு அதற்கு மேல் முடியாது என்றார்.

“நீங்க ஞாயித்துக்கெழமை எதப் பத்திப் பிரசங்கம் பண்ணுவீங்களாம்?” என்று கேட்டுவிட்டு அவள் சின்னத்தாயி வீட்டுக்குப் போனாள்.

சின்னத்தாயி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. கித்தேரியம்மாள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். செய்வினை என்று நினைத்ததை, தீர்த்தம் தெளித்ததை, எரித்ததை.

“எத்தனை முடிச்சுன்னு தெரியுமா?”

“பதினாலு.”

பூண்டு உரித்த கை நின்றது. “எண்ணிட்டுத்தான் எரிச்சீங்களா?”

இதைக் கித்தேரியம்மாள் எதிர்பார்க்கவில்லை. ஏழு என்றிருந்தால் பொய்க்காரி. பதினாலு என்றதால் தெரிந்தே எரித்தவள். இடுப்பிலிருந்து ஜெபமாலையை எடுத்து, முடிச்சுக்கு ஒரு மணி என்று எண்ணியதைத் தள்ளிக் காட்டினாள். சின்னத்தாயி அந்த மணிகளை வாங்கி, ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள்.

“இதுவும் முடிச்சுக் கயிறுதானே” என்றாள். “இது ஒங்களுக்கு சாமி, எங்களது பேயா?”

கித்தேரியம்மாள் மாலையைத் திருப்பி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“வந்து குனிங்க. பாப்போம்” என்றாள் சின்னத்தாயி.

மறுநாள் அவர்கள் இறவாணத்தில் புதுக் கயிறு தொங்கியது. அதே பதினாலு முடிச்சு. அதே கோழி இறகு.

இருவரும் குனிந்தார்கள். ஆரோக்கியதாஸ் மண்வெட்டி பிடித்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது. பிச்சையம்மாள் காட்டில் கிழங்கைக் குறுக்கே வெட்டி வெட்டிப் போட்டார். உபதேசியார் எங்க கிழங்குக்கு விருத்தசேதனம் பண்ணுறாரு என்று நாச்சிமுத்து சொல்ல, காடே சிரித்தது. ஆண்பிள்ளைகளுக்கு நுனித்தோல் வெட்டும் சடங்குக்கு அவன் எப்போதோ ஜெபத்தில் கேட்ட வேத வார்த்தை அது. ஆரோக்கியதாஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கித்தேரியம்மாள் முழங்காலில் சாக்கைக் கட்டிக்கொண்டு தவழ்ந்தபடியே களை பிடுங்கினாள். மழை நாள், காய்ச்சல் நாள் போக, மார்கழிக்குள் பதிமூன்று முடிச்சு அவிழ்ந்தது.

கிறிஸ்துமசுக்குச் சாமியார் வந்தபோது நாலு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் முகம் மலரவில்லை. ஈஸ்டர் வரை இருங்கள், பார்ப்போம் என்றார். இறவாணத்தில் ஒற்றை முடிச்சோடு தொங்கிய நாரைப் பார்த்து, என்ன அது, அறுத்து எறியுங்கள் என்றார். அது தொங்கட்டும் சாமி என்று கித்தேரியம்மாள் சொல்லிவிட்டாள்.

அந்த முடிச்சில்தான் தலைமுடி சுற்றியிருந்தது. அது சின்னத்தாயியுடையது. எப்போது வரட்டும் என்று கித்தேரியம்மாள் மூன்று தடவை போய்க் கேட்டாள். பூண்டு நடவுக்கு என்றாள் சின்னத்தாயி. நடவு முடிந்ததும் களைக்கு என்றாள். மூன்றாவது தடவை தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

“இத அவுத்துட்டா மறுநாளே மூட்டையக் கட்ட மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்? கெடக்கட்டும்.”

பால் செம்பு மட்டும் மறுபடி வாசலுக்கு வர ஆரம்பித்தது. முதல் நாள் கித்தேரியம்மாள் அதை மோந்து பார்த்துத்தான் காய்ச்சினாள். முழங்கால் வீக்கம் வற்றவில்லை. பதிமூன்று பேருக்குக் கொடுத்தாயிற்று. சின்னத்தாயிக்கு ஒரு நாள் வேலை இன்னும் கடன்.