ஒரு காலிக் கட்டம்

பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் ஒரு தடவையாவது கட்டம் மிஸ்ஸின் அறைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். பாடத்திட்ட ஆலோசகர் என்பது அவருடைய பதவி. கதவிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பள்ளியில் யாருக்கும் தெரியாது. வருகிற பிள்ளை யாராக இருந்தாலும் மேசைமேல் ஒரு பெரிய தாளை விரிப்பார். குறுக்கும் நெடுக்கும் கோடு போடுவார். பள்ளியை விட்டு வெளியே போகிற நாள் வரைக்கும் எந்த நேரத்தில் எந்தப் பாடம் என்று கலர் பென்சிலால் நிரப்பிக் கையில் கொடுத்துவிடுவார். ரொம்ப நல்ல மனுஷி. சிக்கலே அதுதான். கெட்டவர்களிடம் மாட்டிக்கொண்டால் சண்டை போட்டாவது வெளியே வரலாம். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் நன்றி சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பெரியவள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் இரட்டைத் தம்பிகளுக்கு மூத்தவள் என்பதால் வந்த பெயர் அது. சித்தி மகளும் அதே வகுப்பில் படித்ததால் பள்ளிக்கும் அந்தப் பெயர் வந்து சேர்ந்துவிட்டது. ஒரு பக்கம் அம்மா. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். கையில் இன்னும் சோப்பு வாசனை இருந்தது. இன்னொரு பக்கம் அப்பா, மடியில் போனோடு. லிஃப்ட் ரிப்பேர் அவருக்குத் தொழில். ஊரில் யாராவது நடுவழியில் தொங்கினால் போன் அடிக்கும், ஓட வேண்டும்.

"ரெண்டு பாதை இருக்கு," என்றார் மிஸ். "ஒண்ணு சாதாரணப் பாதை. ஒரு நாளைக்கு ஏழு பாடம், ஒரு பீரியட் சும்மா. இன்னொண்ணு துரிதப் பாதை. எட்டு பீரியடும் பாடம். ஆனா காலேஜ்ல படிக்க வேண்டியதுல பாதியை இங்கேயே முடிச்சிடலாம். அடுத்த மாசம் ஒரு தேர்வு இருக்கு. அதுல வர்ற மார்க்கை வெச்சு எந்தப் பாதைன்னு முடிவாகும். இவளுக்கு அது வெறும் சம்பிரதாயம்தான்."

"தூக்கத்துலயே எழுதிடுவா," என்றார் அப்பா.

பெரியவள் தாளைப் பார்த்தாள். மிஸ் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டிருந்தார். கணக்கு நீலம், அறிவியல் பச்சை, மொழி மஞ்சள். கடைசிப் பீரியட் ஒன்று மட்டும் இன்னும் வெள்ளையாக இருந்தது. மூன்று வருடத்துக்கும் சேர்த்து மேலிருந்து கீழே மூன்று வெள்ளைக் கட்டங்கள்.

"மிஸ், இந்த ஒரு பீரியட் காலியா இருக்கட்டுமே."

"காலியாவா? எதுக்கு கண்ணு?"

"சும்மாதான் மிஸ்."

மூன்று பேரும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை, பெருமைச் சிரிப்பு. அம்மாதான் முந்திக்கொண்டாள். "இவளாவது சும்மா இருக்கறதாவது. காலையில கண்ணு முழிச்சா தம்பிங்களைக் கிளப்பறது இவ, அவனுங்க வீட்டுப்பாடம் இவ, துணி மடிக்கறது இவ. ஒரு நிமிஷம் உட்காருடின்னாலும் உட்கார மாட்டா மிஸ்."

மிஸ் ஊதாப் பென்சிலை எடுத்து மூன்று வெள்ளைக் கட்டங்களிலும் புள்ளியியல் என்று எழுதினார். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

யாரும் அவளை ஒரு நிமிஷம் உட்காருடி என்று சொன்னதில்லை. அது அம்மாவுக்கும் தெரியாது. இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர். குளியலறைக் கதவைச் சாத்தினால்கூட ஒரு தம்பி வந்து தட்டி ஏழெட்டு எவ்வளவு என்று கேட்பான். படுத்த பிறகும் அவளுக்குள் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். போன வருடம் ஒரு நாள் வரலாற்று ஆசிரியர் வரவில்லை. மாற்று ஆளைப் போடவும் மறந்துவிட்டார்கள். சாதாரணப் பாதையில் போகப்போவதாக அன்றைக்கே முடிவுசெய்துவிட்ட சித்தி மகள், தூங்குமூஞ்சி என்று பெயர் வாங்கியவள், அவளை இழுத்துக்கொண்டு போய் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால் இருந்த படிக்கட்டில் உட்கார வைத்தாள். தானும் உட்கார்ந்து உடனே தூங்கியும் போனாள். எதிர்ச் சாரியில் ஒருவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். பெரியவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சக்கரத்தைக் கழுவினார், அப்புறம் அடுத்த சக்கரத்தைக் கழுவினார். அவ்வளவுதான் நடந்தது. மணி அடித்தபோது உள்ளே மோட்டார் நின்றிருப்பது அவளுக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் தம்பிகள் மேல் அவளுக்கு உண்மையாகவே பாசம் வந்தது. அதிலிருந்து அவள் கேட்டதெல்லாம் அந்த ஒரு பீரியட்தான். அது இல்லாமல் மூன்று வருடம் தாங்காது என்று நினைத்தாள். மிகையாகச் சொல்லவில்லை, மனசார அப்படித்தான் நினைத்தாள்.

வாயால் கேட்டுக் கிடைக்காததைத் தேர்வில் வாங்கிவிடலாம் என்று முடிவுசெய்தாள். துரிதப் பாதைக்கு மார்க் வேண்டும். மார்க் இல்லையென்றால் சாதாரணப் பாதை. தோற்பது என்ன பெரிய வித்தையா, வருஷா வருஷம் பாதிப் பள்ளிக்கூடம் செய்கிற காரியம்தானே?

இங்கேதான் அவள் கோட்டை விட்டாள். தோற்றுப் பழக்கம் இல்லாத பிள்ளை. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை கொடுத்திருந்தார்கள், ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும். அவள் முதலில் கணக்கைப் போட்டாள். சரியான விடை எது என்று கண்டுபிடித்தாள். அப்புறம் அதை விட்டுவிட்டு வேறொன்றைக் கறுப்பாக்கினாள். சந்தேகமான கேள்விகளுக்கு இரண்டு முறை போட்டுப் பார்த்தாள், தவறிப்போய்ச் சரியாக வந்துவிடக் கூடாதே என்று. நேரம் முடிவதற்குள் ஒரு தடவை முழுக்கத் திருப்பிப் பார்த்து ஒரு விடையைத் திருத்தவும் செய்தாள். தூங்குமூஞ்சி பக்கத்து வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு தோன்றிய இடத்தில் எல்லாம் கறுப்பாக்கிவிட்டு மேசையில் தலை சாய்த்துவிட்டிருந்தாள்.

முடிவு வந்த அன்றே மிஸ் கூப்பிட்டு அனுப்பினார். இந்தத் தடவை தனியாக. மேசையில் சாப்பாட்டு டப்பா திறந்தபடி இருந்தது, ஒரு வாய்கூட எடுத்திருக்கவில்லை. வெளியே நாலைந்து பெற்றோர் காத்திருந்தார்கள்.

"கதவைச் சாத்திட்டு உட்காரு," என்றார். "ஒண்ணுகூடச் சரி இல்லையேம்மா."

"எனக்கு வரல மிஸ்."

"கண்ணை மூடிக்கிட்டு எழுதினவங்களுக்கே நாலுல ஒண்ணு சரியா வந்திருக்கு. எல்லாத்தையும் தப்பா எழுதணும்னா எல்லாத்துக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கணும். இந்தப் பள்ளியில இதுவரைக்கும் யாரும் முழு மார்க் வாங்கினதில்ல. நீதான் முதல் ஆளு."

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். தப்பைக்கூடச் சரியாகச் செய்து தொலைத்திருக்கிறாள். வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அதற்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. வந்ததோடு நிற்காமல் உள்ளே இருந்ததெல்லாம் கொட்டியது. வீடு, தம்பிகள், குளியலறைக் கதவு, உள்ளே ஓடுகிற மோட்டார், வேன் கழுவினவர், எல்லாம்.

"மூச்சு முட்டுது மிஸ். ஒரே ஒரு பீரியட். யாரும் என்னை எதுவும் கேட்காத ஒரு பீரியட்."

கட்டம் மிஸ்ஸின் கண் கலங்கிவிட்டது. தன் சாப்பாட்டு டப்பாவை ஒரு தடவை பார்த்தார். "எனக்கும் அப்படி ஒண்ணு கிடைச்சாத் தேவலைதான்," என்றார். பிறகு எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அழாத. நீ கேட்டதுல தப்பே இல்ல. நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொள்ளவும் செய்தார். அவரைக் குறை சொல்ல வழியே இல்லை. தலைமை ஆசிரியரிடம் போய் வாதாடினார். பெற்றோரைக் கூப்பிட்டுப் பக்குவமாக எடுத்துச் சொன்னார். அடுத்த வாரம் நாலு பேரும் மறுபடி அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"துரிதப் பாதையும் உண்டு, நீ கேட்ட காலிப் பீரியடும் உண்டு. வாங்கிட்டேன்."

பெரியவளுக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. அவளுக்கு அப்போதே எழுந்து ஓடத் தோன்றியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"ஒரே ஒரு விஷயம்," என்று பென்சிலை எடுத்தார் மிஸ். "துரிதப் பாதையில கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. அதனால அதுக்கு ஒரு பேர் வெச்சிருக்கோம். சுயநேரப் பயிற்சி. பாடம்னு பேரு இருக்கறதால ஒரு மேற்பார்வை வேணும், அதனால என் அறைக்குப் பக்கத்து அறையிலேயே உட்காரலாம். வாரத்துக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாப் போதும். ஓய்வோட குறிக்கோள் என்ன, எப்படி ஓய்வெடுத்தே, அதுல என்ன கத்துக்கிட்டே, அவ்வளவுதான். அதுக்கும் மார்க் உண்டு."

"அப்ப புள்ளியியல்?" என்று கேட்டாள் அம்மா.

"அதை விட்டுடுவோமா? காலையில மணி அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வகுப்பு நடக்குது. அதுல சேர்த்துட்டேன்."

"ரொம்ப நன்றிங்க," என்றார் அப்பா. அவர் குரல் தழுதழுத்தது. "எங்க பொண்ணுக்காக இவ்வளவு பண்றீங்க. சொல்லும்மா."

"நன்றி மிஸ்," என்றாள் பெரியவள். வேறு என்ன சொல்ல முடியும்? கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்துவிட்டதால் இனிமேல் கேட்கவும் முடியாது. தாளைப் பார்த்தாள். ஒரு கட்டம்கூட வெள்ளையாக இல்லை. அப்பாவின் போன் அடித்தது. யாரோ எங்கோ மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோயிருந்தார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

பக்கத்து அறைக்கும் மிஸ்ஸின் அறைக்கும் இடையில் கண்ணாடித் தடுப்பு. முதல் நாள் அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும் மிஸ் அந்தப் பக்கத்திலிருந்து கை அசைத்தார். அவளும் கை அசைத்தாள். ஜன்னல் இல்லை. எதிர்ச் சுவரில் கண்ணைப் பதித்து ஓய்வெடுக்கப் பார்த்தாள். ஓய்வெடுக்கிறோமா என்று கவனித்துக்கொண்டே எப்படி ஓய்வெடுப்பது? வாரக் கடைசியில் எழுத வேண்டுமே என்று மனசு குறிப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டது. காலையில் புள்ளியியலுக்காக இருட்டோடு எழுந்ததில் கண் எரிந்தது. தூங்கலாமா என்றால், தூங்கினால் மிஸ் கவலைப்படுவார்.

முதல் வாரம் 'ஒன்றும் செய்யவில்லை' என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவது என்று வீம்பாகத்தான் பேனாவை எடுத்தாள். எழுதினாள். முற்றுப்புள்ளி வைத்தாள். பக்கத்தில் பாக்கி இடம் வெறுமையாகக் கிடந்தது. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. ஒன்றும் செய்யாமல் இருப்பதில் எத்தனை வகை, மனதுக்கும் உடம்புக்கும் அதனால் என்ன மாற்றம், முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் என்ன வித்தியாசம் என்று தலைப்புப் போட்டு, கடைசியில் ஒரு வரைபடமும் போட்டுவிட்டாள். முழு மார்க் வந்தது. அதைப் பார்த்தபோது அவளுக்குத் தன் மேலேயே பயமாக இருந்தது. கதவைப் பூட்டினவர்கள் வெளியே மட்டும் இல்லை.

மிஸ் அந்தப் பக்கத்தை ஆசிரியர் கூட்டத்தில் படித்துக் காட்டினார். தலைமை ஆசிரியர் அசந்துபோனார். பிள்ளைகளின் மனநலத்துக்கு இப்படி ஒரு பாடம் எங்கேயாவது உண்டா என்றார். உண்டோ இல்லையோ, இங்கே வந்துவிட்டது. அடுத்த பருவம் தொடங்கியபோது சாதாரணப் பாதையிலும் யாருக்கும் காலிப் பீரியட் கிடையாது என்று அறிவித்தார்கள். எல்லோருக்கும் சுயநேரப் பயிற்சி. படிக்கட்டுப் பக்கம் போகிற கதவை மூடிவிட்டார்கள்.

அன்று கடைசிப் பீரியட் மணி அடித்ததும் தூங்குமூஞ்சி அந்த அறைக்குள் வந்தாள். பள்ளியில் யாரும் அவளை அந்த நேரத்தில் முழித்திருந்து பார்த்ததில்லை.

"ஏன்டி," என்றாள். "உனக்கு வேணும்னா நீ கேட்டு வாங்கிக்க வேண்டியதுதானே. எங்களுதை ஏன்டி பிடுங்கிக் கொடுத்தே?"

நான் கேட்டது இது இல்லை என்று சொல்லப் பெரியவள் வாயெடுத்தாள். கேட்டது இதைத்தான். அதே ஒரு பீரியட். அதே காலி.

தூங்குமூஞ்சிக்குக் கோபத்தைப் பிடித்துவைத்துப் பழக்கம் இல்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, ஒரு வெள்ளைத் தாளை மேசைமேல் வைத்தாள். "ஓய்வோட குறிக்கோள்னு போட்டிருக்கு. நான் தூங்குவேன், அவ்வளவுதான். அதுல குறிக்கோளுக்கு நான் எங்கடி போவேன்? நீயே எழுதிக் கொடுத்துடு."

"கொடு," என்றாள் பெரியவள். அந்த வார்த்தை அவளைக் கேட்காமலே வாயிலிருந்து வந்துவிட்டது.

அவள் முதல் வரியை எழுதும்போதே கதவுப் பக்கம் சத்தம் கேட்டது. வகுப்பிலிருந்து இன்னும் நாலைந்து பேர், ஆளுக்கொரு தாளோடு, உள்ளே வரலாமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டம் மிஸ் எழுந்து நின்று பார்த்தார். பிள்ளைகளுக்குப் பெரியவள் சொல்லிக் கொடுக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. முகமெல்லாம் சிரிப்பாக, தன் அறையிலிருந்து இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் மேசைக்குப் பக்கத்தில் போட்டார்.