பெயர் எழுதாத சீட்டு

மறைக்கல்வி என்கிற வேதபாட வகுப்பு என்றாலே ஒன்பதாம் வகுப்புக்குக் கொட்டாவி. அதை மாற்றத்தான் டீச்சர் அப்படிச் செய்தாள். மனப்பாடம் வேண்டாம், கடவுளிடம் நிஜமாகவே கேட்க நினைப்பதை ஆளுக்கொரு சீட்டில் எழுதுங்கள். பெயர் போடாதீர்கள். யாரென்று யாருக்கும் தெரியாது.

ஆசிரியர் அறையில் பிரித்தாள். 'கணக்கைக் கண்டுபிடிச்சவருக்கு மோட்சம் கிடைச்சுதா?' சிரித்தாள். கடைசிச் சீட்டில் சிரிப்பு உறைந்தது.

'இந்தப் புதுக் கட்டடத்துத் தூண்ல விரிசல். பூசி மறைச்சுட்டாங்க. சொன்னா எங்க வீட்டுக்குப் போலீஸ் வரும். நான் என்ன செய்யணும்?'

ஒன்பதாம் வகுப்பு இருப்பதே அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில்.

தலைமையாசிரியை சிஸ்டரிடம் ஓடினாள். சிஸ்டர் பதறவில்லை. முன்பே தெரிந்தவர்போல் சீட்டைக் கையில் வாங்கினார்.

"யார் எழுதினது?"

"பேர் இல்லை சிஸ்டர்."

"உச்சியில பாருங்க."

பொடி எழுத்தில் சே.ம.சூ. சேசு, மரி, சூசை என்று இயேசுவின் குடும்பத்துப் பெயர்கள்.

"எந்தத் தாளை எடுத்தாலும் முதல்ல இதைப் போட்டுட்டு எழுதுறவ உங்க வகுப்புல ஒருத்திதான். இந்தக் கட்டடத்தைக் கட்டின கான்ட்ராக்டர் பொண்ணு." சிஸ்டர் போனை எடுத்தார். "அடுத்த தெருவுலதான் இருக்கார். அவ அப்பாவே வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

"அவளை என்ன செய்வார் சிஸ்டர்?"

"கட்டடத்தை மூடினா பள்ளிக்கூடத்தையே மூடணும். வருஷக் கடைசி வரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

டீச்சர் இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

"பையை விடுங்க. எல்லாரும் கீழே மைதானத்துக்கு!"

"தீயா மிஸ்? பரீட்சை பேப்பர் எரியுதா?" என்றது ஒரு வாய்த்துடுக்கு. டீச்சர் கதவை அகலத் திறந்து பிடித்ததும் சிரிப்பு அடங்கியது.

மற்றவர்கள் படிக்கட்டுக்கு ஓட, கான்ட்ராக்டர் பெண் மட்டும் எழவில்லை.

"காட்டிக் கொடுத்துட்டீங்களா மிஸ்?"

டீச்சர் அவள் பக்கத்தில் குனிந்தாள். "தெரியாம நடந்துபோச்சும்மா. தப்பு என்னோடது. உங்கப்பாவுக்குப் போன் போயாச்சு."

ஒலிபெருக்கி கரகரத்தது. சிஸ்டரின் குரல். "யாரும் வகுப்பை விட்டு வெளியே வரக் கூடாது."

வராந்தா நெடுக ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. கீழே வாசலில் ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது. அந்தப் பெண் ஜன்னல் வழியே பார்த்தாள். அப்பாவின் கார்.

எழுந்தாள். படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. அடுத்த வகுப்பின் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"தூண் விரிசல் விட்டிருக்கு. எங்கப்பா கட்டினது. இறங்குங்க."

ஒருவரும் அசையவில்லை. படிக்கட்டில் கனத்த செருப்புச் சத்தம் ஏறி வந்தது. அவள் அதற்கடுத்த கதவைத் திறந்தாள்.