‘மற்றவை’ என்ற கட்டம்

சாண மதிப்பீட்டாளர் எந்தக் குவியலில் வெறுங்காலை வைத்தாலும் அவர் கையிலிருக்கும் பல்பு எரியும். மாட்டுச் சாணம் என்றால் மங்கலாக, கோழி எச்சம் என்றால் கண் கூசும்படி. சாணத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தில் அவரைச் சேர்த்ததே இதற்காகத்தான். அந்த மழைக்காலம் முழுக்கத் தொழுவம் தொழுவமாக ஏறி இறங்கி, இவ்வளவு சாணத்துக்கு ஊர் முழுவதும் மின்சாரம் வரும் என்று எழுதிக் கொடுத்தார். ஊரார் அவருக்குக் கிலோவாட் என்று பெயர் வைத்தார்கள். தாயில்லாத அவரைத் தூக்கி வளர்த்து, இப்போது படுத்த படுக்கையாகிவிட்ட அக்காவுக்கு அந்தப் பெயரைக் கேட்டு ஒரே சிரிப்பு. தினமும் மாலை நான்கு மணிக்கு, "சாப்பிட்டியாடா கிலோவாட்டு?" என்று கட்டிலிலிருந்து குரல் கொடுப்பாள்.

நிலையம் ஓடத் தொடங்கியபோது பாதி ஊர் இருட்டில் கிடந்தது. வெளிச்சத்தைக் காய்ந்த வறட்டியில் பார்த்தவர், எடையை மழையில் ஊறிய சாணத்தில் போட்டிருந்தார். விளக்கு எரியாத வீட்டுக்காரர்கள் அவர் வாசலில் சாணியை வீசிவிட்டுப் போனார்கள். "தண்ணியையெல்லாம் கரண்டுன்னு எழுதியிருக்கீங்களே சார்! குறையறதை நீங்களே தேடிக் கொண்டாங்க. இல்லைன்னா அடுத்த வாரத்துலேர்ந்து வர வேணாம்" என்றார் மேலாளர். கிலோவாட் மரத்தூள், கரும்புச் சக்கை, முடிவெட்டும் கடையில் கூட்டிய முடி என எதையும் விடாமல் மிதித்துப் பார்த்தார். அப்படியும் நாற்பது கிலோவாட் குறைந்தது.

அன்று கட்டிலில் ஏறி உட்கார்ந்து அக்காவைத் துடைத்துவிடும்போது அவள் கை அவர் பாதத்தில் பட்டது. சட்டைப்பையில் இருந்த பல்பு, இதுவரை எரியாத பிரகாசத்தில் எரிந்தது.

"என்னடா மறைக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா."

"காட்டுடா. அடேயப்பா! இவ்வளவா? அந்தக் கோழியெல்லாம் என்கிட்ட நிக்க முடியுமா!"

வேலை போனால் அக்காவுக்கு மருந்து வாங்க வழியில்லை என்று அவர் இரண்டு நாள் யோசித்தார். மதிப்பீட்டுப் படிவத்தின் கடைசியில் ‘மற்றவை’ என்றொரு கட்டம் காலியாக இருந்தது. எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டு அவருக்குப் பழக்கமில்லை. ‘அக்கா, ஒன்று’ என்று எழுதினார். மேலாளர் வாசித்துப் பார்த்து, "ஈரம் கழிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். கிலோவாட் வீட்டுக்குத் திரும்பித் தராசில் அக்காவை நிறுத்து, இந்தத் தடவை தண்ணீரைக் கழித்தார். அவள் கன்னத்தில் வழிந்ததையும் சேர்த்தே கழித்தார். கச்சிதமாக நாற்பது வந்தது.

மறுநாள் சாண வண்டி வந்தது. மூட்டைகளுக்கு நடுவே அக்காவைப் படுக்கவைத்தார்கள். வண்டி நகரும்போது, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டாள். மணி நான்கு. சாப்பிடவில்லை என்று சொன்னால் இறங்கிவிடுவாளோ என்று பயந்து, "ஆச்சுக்கா" என்றார். சாயங்காலத்துக்குள் நிலையத்தின் சாணத் தொட்டி மூடியைத் திறந்து மூடிவிட்டார்கள்.

அதன்பின் ஊரில் எந்த விளக்கும் அணையவில்லை. மாலை நான்கு மணிக்கு மட்டும் எல்லா விளக்குகளும் ஒருமுறை மினுக்கும். முதல் வாரம் புகார் கொடுத்தார்கள். பிறகு அதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்யப் பழகிக்கொண்டார்கள். இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்த தன் கைக்கடிகாரத்தைக் கிலோவாட்டும் திருத்திக்கொண்டார்.